வெள்ளாவியும் பியூரெட்டும்

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல் செஞ்சவங்க யாரும் அந்த ரோஸ் கலரை மறந்திருக்க மாட்டாங்க. கூம்புக் குடுவையில் 20 மில்லி காரக் கரைசல். ரெண்டு சொட்டு பினாப்தலீன் விட்டதும் பளிச்சுனு நிறம் வரும். மேலே பியூரெட்டில் ஆக்சாலிக் அமிலம். சொட்டுச் சொட்டா விட்டு, குலுக்கி, மறுபடி விட்டு, குலுக்கி... ஏதோ ஒரு சொட்டில் சட்டுனு நிறம் காணாமப் போகும். அந்த இடத்துல பியூரெட் என்ன அளவு காட்டுதோ அதைக் குறிச்சுக்கணும். மறுபடி செஞ்சு அதே அளவு வந்தா நிம்மதி. அப்புறம் வி1 என்1 = வி2 என்2 போட்டு, காரத்தோட செறிவு இவ்வளவுன்னு எழுதிட்டு வெளியே வந்துடுவோம். தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு இது 'தரம் பார்த்தல்'.

அந்த வயசுல எனக்கு ஒரு கேள்வி தோணினதே இல்லை. ஒரு காரம் எவ்வளவு செறிவா இருக்குன்னு தெரிஞ்சுக்கற தேவை முதல்ல யாருக்கு வந்துச்சு? எதுக்காக வந்துச்சு? ஆய்வுக்கூடத்துல உக்காந்திருந்த யாரோ ஒரு விஞ்ஞானிக்குத்தான் இருக்கும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். தேடிப் பார்த்தா, கதை துணி வெளுக்கற துறையில போய் நிக்குது. அந்தத் துறை நம்ம சென்னைக்குப் புதுசில்லை. சொல்லப்போனா இந்த ஊர் உருவானதே துணிக்காகத்தான். பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வாங்க.

1639-ல் ஃபிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையில் இடம் வாங்கினதுக்கு முக்கியக் காரணம், இங்கே பருத்தித் துணி நல்லதாவும் மலிவாவும் கிடைச்சதுதான். துறைமுகம்னு சொல்லிக்க அப்போ இங்கே ஒண்ணுமே கிடையாது. கம்பெனிக்கு நெசவாளர்கள் மட்டும் இருந்தா போதுமா? தறியில இருந்து வர்ற துணி பழுப்பா, கஞ்சிப் பசையோட இருக்கும். அதை வெள்ளை வெளேர்னு ஆக்கினாத்தான் கப்பல் ஏத்த முடியும், மேலே சாயம் போட முடியும். அதுக்காகக் கோட்டைக்கு வடக்கே வெளுக்கறவங்க குடியமர்ந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. பஸ் போர்டில் தினம் படிக்கற பேர்தான். அதுக்குள்ள ஒரு முழு ஏற்றுமதித் தொழில் ஒளிஞ்சிருக்கு.

வெளுக்கறதுன்னா சோப்புப் போட்டுக் கசக்கறது இல்லை. உவர்மண், சாம்பல், சுண்ணாம்பு, சாணம், ஆட்டுப்புழுக்கை, வெயில், நிறைய தண்ணி, நிறைய பொறுமை. துணியைக் காரத் தண்ணியில ஊற வச்சு, வெள்ளாவி வச்சு, அலசி, வெயில்ல விரிச்சு, தண்ணி தெளிச்சு, மறுபடி முதல்லேர்ந்து. இதுல எல்லாத்தையும் தீர்மானிக்கறது அந்தக் காரத் தண்ணியோட வீரியம். குறைஞ்சா அழுக்கு போகாது. கூடினா துணியே இத்துப் போகும். உவர்மண்ணோ இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். கோடையில ஏரிக்கரையில வெள்ளையாப் பூத்து நிக்கும், ஒரு மழை பேஞ்சா கரைஞ்சு போயிடும். அப்போ இன்னிக்கு எடுத்த மண்ணுல எவ்வளவு காரம் இருக்குன்னு எப்படித் தெரியும்?

எங்க பாரிவாக்கத்துல இஸ்திரி வண்டி வச்சிருக்கற பெரியவர் ஒருத்தர் கிட்ட இதைக் கேட்டேன். சின்ன வயசுல அவங்க அப்பாவோட உவர்மண் அள்ளப் போனவர். "அதுக்கு என்ன தம்பி, விரல்ல தேச்சா தெரியாதா?"ன்னார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டினார். "வழவழன்னு வரணும். அதுக்கு மேல போய் விரல் சுருக்குனுச்சுன்னா தண்ணி ஊத்தணும். நாக்குல வச்சுப் பாக்கறவங்களும் உண்டு." எத்தனை பங்கு மண்ணுக்கு எத்தனை பங்கு தண்ணின்னு கேட்டேன். சிரிச்சார். "அது மண்ணைப் பாத்துத்தானே சொல்ல முடியும்?"

அவர் சொன்ன வழவழப்புக்குப் பின்னாடி சரியான வேதியியல் இருக்கு. காரம் நம்ம தோலில் இருக்கற கொழுப்போட சேர்ந்து லேசா சோப்பு ஆகுது. அந்த வழுக்கல் அதனாலதான். உவர்மண்ணில் இருக்கறது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா. அதோட சுண்ணாம்பு சேர்த்தா கார்பனேட்டை சுண்ணாம்பு பிடிச்சுக்கிட்டு அடியில தங்கிடும், மேல தெளிஞ்சு நிக்கறது காஸ்டிக் சோடா. மென்மையான காரம் கடுமையான காரமா மாறிடுது. இதைப் பாடம் படிக்காமலே செஞ்சாங்க, எந்த அளவுக்கு மேல போகக்கூடாதுன்னும் தெரிஞ்சு வச்சிருந்தாங்க. விரல்தான் அவங்களுக்கு பியூரெட்.

சரி, எழுதப்பட்ட நூல்களில் இது இல்லையான்னு பார்த்தா, அங்கேதான் ஆச்சரியம். சுஸ்ருத சம்ஹிதையில் க்ஷாரத்துக்குன்னே தனி அத்தியாயம் இருக்கு. (நம்ம 'காரம்' இந்த க்ஷாரத்துலேர்ந்து வந்ததுதான்.) தாவரங்களை எரிச்ச சாம்பலைக் கரைச்சு வடிகட்டி, சுட்ட சிப்பி, சுண்ணாம்புக் கல் எல்லாம் சேர்த்துக் காய்ச்சி, மென்மை, நடுத்தரம், கடுமைன்னு மூணு தரமாப் பிரிச்சிருக்காங்க. அறுவைக்குப் பதிலா மூலம் மாதிரி நோய்களுக்கு இதைப் பயன்படுத்தறது வழக்கம். தரத்தை எப்படிச் சோதிக்கறது? ஆயுர்வேத மரபில் ஒரு வழி இருக்கு: ஆமணக்குத் தண்டை அதுல போடணும், நூறு எண்ணி முடிக்கறதுக்குள்ள தண்டு வெந்து போகணும். நேரத்தை வச்சு செறிவை அளக்கற சோதனை! எனக்கு இதைப் படிச்சப்போ எங்க ஆபீஸ் டெஸ்டிங் டீம் ஞாபகம் வந்துச்சு. பாஸா ஃபெயிலா, அவ்வளவுதான் :-)

அதே சுஸ்ருதத்துல இன்னொண்ணும் இருக்கு. காரம் பட்டு எரிஞ்ச இடத்தைப் புளித்த காடி மாதிரி புளிப்பான பொருளால் ஆத்தணும்னு சொல்லுது. சொல்லிட்டு, தானே ஒரு கேள்வியும் எழுப்புது: புளிப்பும் சூடான குணம் உள்ளதுதானே, அது எப்படிக் காரத்தை அடக்கும்? பதிலும் வருது: புளிப்போட சேர்ந்தா காரம் தன் கடுமையை விட்டு இனிமையாகிடும். இன்னிக்கு நாம நடுநிலையாக்கல்னு சொல்றது ஏறக்குறைய இதுதான்.

நிறங்காட்டிக்கும் பஞ்சம் இல்லை. மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு போட்டா ரத்தச் சிவப்பாகுது, ஆரத்தித் தட்டுல பாத்திருப்பீங்க. அதுல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சா மறுபடி மஞ்சள். அமிலம், காரம், நிறங்காட்டி மூணும் நம்ம வீட்டு அடுக்களையிலயே இருந்துச்சு.

இல்லாம இருந்தது ஒரே ஒரு கேள்வி: எவ்வளவு? புளிப்பு காரத்தை அடக்கும், சரி. இந்தக் காரத்தை அடக்க *எவ்வளவு* புளிப்பு தேவைப்பட்டுச்சுன்னு அளந்தா, அந்த அளவே காரத்தோட செறிவைச் சொல்லிடும். தரம் பார்த்தலோட மொத்தத் தத்துவமும் இந்த ஒத்தை வரிதான்.

அந்தக் கேள்வியைக் கேட்டவங்களில் முன்னோடின்னா பிரான்சில் க்ளோத் ழோஃப்ரூவா. 1729-ல் வினிகரில் பொட்டாசியம் கார்பனேட் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு, நுரை நிக்கற வரைக்கும் எவ்வளவு செலவாச்சுன்னு பார்த்து வினிகரோட வீரியத்தை ஒப்பிட்டார். அது அமிலத்தை அளந்த கதை. காரத்தை அளந்த கதைக்கு ஸ்காட்லாந்து போகணும்.

எடின்பரோவில் ஃபிரான்சிஸ் ஹோம்னு ஒரு மருத்துவர். அங்கே லினன் துணி பெரிய தொழில். வெளுக்கறதுக்குச் சாம்பல் காரம் வேணும், அது பல நாடுகள்லேர்ந்து வரும். ஒவ்வொரு பீப்பாயும் ஒவ்வொரு மாதிரி. கலப்படமும் தாராளம். 1756-ல் வந்த வெளுத்தல் சோதனைகள் பத்தின புத்தகத்துல ஹோம் செஞ்சது ரொம்ப எளிமை. குறிப்பிட்ட எடை சாம்பலை எடுத்துக்கிட்டார். தண்ணி கலந்த நைட்ரிக் அமிலத்தைத் தேக்கரண்டி தேக்கரண்டியா ஊத்தினார். நுரை பொங்கறது நின்னதும் எத்தனை கரண்டின்னு எண்ணினார். அதிகக் கரண்டி குடிச்ச சாம்பல் நல்ல சாம்பல். முடிஞ்சது. பியூரெட்டுக்குப் பதிலா தேக்கரண்டி, பினாப்தலீனுக்குப் பதிலா நுரை.

இதே ஹோம் இன்னொரு காரியமும் செஞ்சார். காரத்துல வெந்த துணியைப் புளிச்ச மோரில் வாரக்கணக்கில் ஊறப் போடறது அங்கே வழக்கம். அதுக்குப் பதிலா நீர்த்த கந்தக அமிலம் போதும், ஒரு நாளே அதிகம்னு காட்டினார். எவ்வளவு அமிலம்னு அளக்கத் தெரிஞ்சதாலதான் துணியைப் பொசுக்காம இதைச் செய்ய முடிஞ்சது.

நுரையை நம்பறதுல ஒரு சிக்கல். எப்போ நின்னுச்சுன்னு சரியாச் சொல்ல முடியாது. 1767-ல் வில்லியம் லூயிஸ் அமெரிக்கச் சாம்பல் காரங்களைச் சோதிச்சப்போ லிட்மஸ் நிறத்தை முடிவுநிலைக்கு அடையாளமா வச்சார். கூடவே, தன்னோட அமிலத்தையும் முதல்ல சுத்தமான கார்பனேட்டை வச்சு அளந்து வச்சுக்கிட்டார். அளவுகோலை முதல்ல அளந்துக்கணும்ங்கற விஷயம். நாம லேபில் திட்டக் கரைசல்னு ஒண்ணு வாங்கி வச்சுக்கறோமே, அது இங்கேர்ந்து வருது.

அடுத்த ஆள் ரூவான் நகரத்து தெக்ருவாசில். ரூவானும் துணி ஊர்தான். 1785-ல் பெர்தோலே குளோரினால் வெளுக்கலாம்னு காட்டினதும், வெயில்ல விரிக்கற வாரங்கள் மணிக்கணக்காச் சுருங்கிடுச்சு. ஆனா குளோரின் கரைசல் கொஞ்சம் கூடினா துணி காலி. அதை அளக்க 1795-ல் அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒண்ணை அறிமுகப்படுத்தினார். 1806-ல் காரத்தை அளக்கவும் அதே மாதிரி ஒரு கருவி, அதுக்கு வயலெட் பூச்சாறு நிறங்காட்டி. வடிகட்டிக் காபி போட ஒரு பாத்திரம் கண்டுபிடிச்சவரும் இதே தெக்ருவாசில்தான், 1802-ல். ஃபில்டர் காபி ஊர்க்காரன்ங்கற முறையில அவருக்கு ஒரு தனி வணக்கம்.

1824-ல் கே-லுசாக் எழுதின கட்டுரையில்தான் பியூரெட், பிப்பெட்ங்கற பேர்கள் இந்தக் கருவிகளுக்கு நிலைச்சது. 1828-ல் சாம்பல் காரத்தைக் கந்தக அமிலத்தால் அளக்கற முறையை ஒழுங்குபடுத்தினார். 1832-ல் நாணயச் சாலைக்காக வெள்ளியையும் இப்படியே அளந்து காட்டினார். 'டைட்ரேஷன்'ங்கற சொல்லோட வேரான 'தீத்ர்' பிரெஞ்சில் தங்கம் வெள்ளியோட மாற்றைக் குறிக்கற சொல். நம்ம ஊர் ஆசாரி உரைகல்லில் உரசிப் பார்க்கறாரே, அதே மாற்று. அப்படிப் பார்த்தா 'தரம் பார்த்தல்'ங்கற நம்ம பாடப்புத்தகச் சொல் அசல் பொருளுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. இலங்கைத் தமிழில் இது நியமிப்பு. பியூரெட் அளவி, பிப்பெட் குழாயி. அங்கே மானிப்பாயில் மருத்துவர் கிறீனும் அவர் மாணவர்களும் செஞ்ச வேலையால 1875-லயே 'கெமிஸ்தம்'னு தமிழ்ல வேதியியல் நூல் வந்துடுச்சு.

மிச்சத்தை வேகமா முடிச்சுடறேன். 1855-ல் ஜெர்மனியின் மோர் இந்த முறைகளுக்கு முழுப் பாடநூல் எழுதினார். நம்ம லேபில் ஆக்சாலிக் அமிலம் வச்சிருக்காங்களே, அதைத் திட்டப் பொருளாக் கொண்டுவந்தவர் அவர்தான். பினாப்தலீனை 1871-ல் பேயர் தயாரிச்சார், 1877-ல் லுக் நிறங்காட்டியாக்கினார். 1881-ல் வார்டர், பினாப்தலீன், மெத்தில் ஆரஞ்சு ரெண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தினா ஒரே கரைசல்ல கார்பனேட் எவ்வளவு, காஸ்டிக் எவ்வளவுன்னு தனித்தனியாச் சொல்லலாம்னு காட்டினார். உவர்மண்ணுல போட்ட சுண்ணாம்பு போதுமா இல்லையான்னு பெரியவரோட விரல் சொல்லிச்சே, அதே கேள்விக்கு எண்ணில் பதில்.

இப்போ எனக்கு உறுத்தற இடத்துக்கு வர்றேன். பொருள் எல்லாம் இங்கே இருந்துச்சு. புளிப்பு காரத்தை அடக்கும்ங்கற கொள்கை ஏட்டில் இருந்துச்சு. செறிவை அறியற தேவை ஒவ்வொரு நாளும் துறையில இருந்துச்சு. உலகத்துக்கே துணி அனுப்பின ஊர் இது. ஏன் யாரும் கரண்டியை எண்ணலை?

இந்தக் கேள்வியை எனக்கு முன்னாடியே கேட்டு, பதிலும் எழுதினவர் பிரபுல்ல சந்திர ராய். கொல்கத்தாவில் வேதியியல் பேராசிரியர், பெங்கால் கெமிக்கல்ஸை நிறுவினவர். 1902-ல் அவர் வெளியிட்ட இந்து வேதியியல் வரலாற்றின் முதல் தொகுதியில் சுஸ்ருதத்தோட காரத் தயாரிப்பைப் பெருமையா எடுத்துக் காட்டினார். அதே ராய்தான், பின்னாடி இந்த அறிவு ஏன் தேஞ்சு போச்சுன்னும் மழுப்பாம எழுதினார். சாதி இறுகினதும் கைவேலை எல்லாம் 'கீழ்' சாதிகளுக்குன்னு ஒதுக்கப்பட்டுச்சு. படிச்சவன் கையை நனைக்கலை. கை நனைச்சவனைப் படிக்க விடலை. யோசிக்கற மூளையும் செய்யற கையும் பிரிஞ்ச இடத்துல 'எப்படி', 'ஏன்'ங்கற கேள்விகள் செத்துப் போச்சுங்கறது அவரோட வாதம்.

இதை வண்ணாரப்பேட்டையில வச்சுப் பாருங்க. சுஸ்ருதம் படிச்ச பண்டிதருக்குப் புளிப்பு காரத்தை அடக்கும்னு தெரியும். நாலு தெரு தள்ளி ஒருத்தர் தினம் காரத் தண்ணியில கை வச்சுக்கிட்டிருந்தார். ரெண்டு பேரும் ஒரு திண்ணையில உக்காந்து பேசியிருக்கணும். பேசினா தீட்டு. எடின்பரோவில் ஒரு டாக்டர் வெளுக்கற களத்துக்கே போய், சாம்பலைக் கையில எடுத்து, புத்தகம் எழுதி, பேரும் வாங்கினார். வித்தியாசம் அந்தத் திண்ணையிலதான் இருக்குன்னு நினைக்கிறேன். அங்கே வர்க்க பேதம் இல்லைன்னு சொல்ல வரலை. தொட்டுப் பேசறதுக்குத் தடை இல்லை, அவ்வளவுதான்.

இங்கே கேட்டு எழுதினவங்க வெளியூர்க்காரங்க. பாண்டிச்சேரிப் பக்கம் இருந்த இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ, துணியில ஓவியம் எழுதற தொழிலாளிகளைக் கேட்டுக் கேட்டு, கடுக்காய், எருமைப்பால், சாயவேர்னு ஒவ்வொரு படியையும் 1742-ல் கடிதமா எழுதினார். அது பிரான்சில் அச்சாச்சு. அதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே, 1734-ல், பொலியூங்கற கடற்படை அதிகாரி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துண்டுத் துணியை வெட்டி எடுத்துக்கிட்டுப் போனார். நம்ம கை செஞ்சது அவங்க தாளில் பத்திரமா இருக்கு.

இதைச் சொல்லும்போது விரல் வித்தையைக் கொண்டாடிட்டு எண்ணைத் திட்டற பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. விரல் அறிவு பெருசுதான். ஆனா அது அந்த விரலோட போயிடும். பெரியவரோட பையன் டிரைவர் வேலைக்குப் போயிட்டார், அந்த வழவழப்பு யாருக்கும் கை மாறலை. எண் அப்படி இல்லை. உதாரணத்துக்கு, 20 மில்லி காஸ்டிக் கரைசலுக்கு 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலம் 18.4 மில்லி செலவாச்சுன்னா, செறிவு 0.092 நார்மல், லிட்டருக்கு 3.68 கிராம். இதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி எந்த ஊருக்கும் அனுப்பலாம், அங்கே ஒரு புதுப் பையன் அதே அளவுக்குக் கரைச்சுடுவான். வாங்கறவன், விக்கறவன் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பத் தேவையில்லை. பியூரெட்டை நம்பினாப் போதும். அதோட மறுபக்கமும் உண்டு: அனுபவசாலியோட விரலுக்கு இருந்த மரியாதை, கூலி ரெண்டும் அந்தச் சீட்டோட கைமாறிடும்.

இன்னிக்கு இந்தப் பக்கத்துல அது இல்லாத இடமே இல்லை. 1934-ல் முடிஞ்ச மேட்டூர் அணையோட மின்சாரத்தை நம்பி 1936-ல் மேட்டூர் கெமிக்கல்ஸ் வந்துச்சு. உப்புத் தண்ணியில மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா. உவர்மண் அள்ளற வேலை மெல்ல மெல்லத் தேவையில்லாமப் போச்சு. 1964-ல் தொடங்கின அம்பத்தூர் தொழிற்பேட்டை மாதிரி இடங்கள்ல முலாம் பூசற பட்டறைகள் இருக்கு. பாகங்களை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் காரத் தொட்டியில முக்கி எடுப்பாங்க, தொட்டி எப்போ சோர்ந்து போச்சுன்னு தரம் பார்த்துத்தான் காஸ்டிக் சேர்ப்பாங்க. பால் பண்ணைகள்ல அதையே தலைகீழாத் திருப்பி, தெரிஞ்ச காரத்தால பாலோட புளிப்பை அளக்கறாங்க.

எங்க போர் தண்ணியைச் சோதனைக்குக் குடுத்தப்போ ரிப்போர்ட்டில் 'மொத்தக் காரத்தன்மை'ன்னு ஒரு வரி இருந்துச்சு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் விரும்பத்தக்கது, வேற வழியில்லைன்னா 600 வரை. அந்த எண்ணை எடுக்கறதும் இப்படித்தான்: அளந்த தண்ணி, நிறங்காட்டி, சொட்டுச் சொட்டா நீர்த்த அமிலம், நிறம் மாறற சொட்டு.

ரிப்போர்ட்டைப் பெரியவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். வாளித் தண்ணியில விரலை விட்டு உரசிப் பார்த்துட்டு, "வெளுக்க ஆவாது தம்பி, குழம்பு வைக்கவும் ஆவாது"ன்னார். லேபும் எண்ணில் அதையேதான் சொல்லியிருந்துச்சு. லேப்காரங்க பணம் வாங்கிக்கிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. இவர்கிட்ட இத்தனை வருஷத்துல யாரும் கேட்டுக்கூட எழுதிக்கலை.